சாட்சி சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல... தினசரி வாழ்க்கையில ஆண்டவர எங்க பாக்குறீங்க?

உப்புக்காத்து:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு சத்தமில்லாம போயிட்டிருந்தேன், இன்னிக்குத்தான் முதல் தடவையா எழுதுறேன், நீளமாயிடும் போல, பொறுத்துக்கோங்க.

ஊர் தூத்துக்குடி, வயசு 43, கல்யாணம் பண்ணிக்கல. உப்பு வியாபாரம் பண்ற ஒரு இடத்துல கணக்கு பாத்துட்டிருந்தேன், இப்போ அதே கணக்க வீட்ல இருந்து பாதி சம்பளத்துக்கு பாக்குறேன். அம்மாவுக்காக. போன வருஷம் ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற லெந்து நாள்ல ஸ்ட்ரோக் வந்துச்சு, வலது கை வலது கால் ரெண்டும் வரல, பேச்சும் போயிருச்சு. நாம பேசுறது முக்கால்வாசி புரியுது, பதில் தான் வாய்க்கு வரமாட்டேங்குது, ஏதோ சொல்ல வந்து வேற ஏதோ சத்தம் வந்து கடைசியில அவங்களுக்கே எரிச்சலாகி சுவத்துப் பக்கம் மூஞ்சிய திருப்பிக்குவாங்க.

எங்க சபையில மாசத்துல முதல் ஞாயிறு சாட்சி நேரம், ஆண்டவர் தனக்கு செஞ்சத எந்திரிச்சு எல்லார் முன்னாடியும் சொல்றது. ஒருத்தருக்கு கனடா விசா கிடைச்சிருக்கும், ஒருத்தருக்கு ஆபரேஷன் இல்லாமலே கட்டி கரைஞ்சிருக்கும், ஒருத்தர் பையன் நீட் பாஸ் பண்ணியிருப்பான். நல்லது, அவங்களுக்காக சந்தோஷம் தான், பொய் சொல்லல. ஆனா என் நாள் எப்படி போகுதுன்னா காலைல நாலரைக்கு எந்திரிச்சு டயபர் மாத்தி உடம்பு துடைச்சு பவுடர் போட்டு, கஞ்சி வச்சு ஸ்பூன் ஸ்பூனா ஊட்டணும், புரையேறிடக் கூடாதுன்னு அதுக்கே முக்கால் மணி நேரம், அப்புறம் துணி, அப்புறம் கணக்கு, மறுபடி டயபர், இப்படியே ராத்திரி. இதுல எங்கேயும் ஆண்டவர் வந்தார் தொட்டார்னு சொல்ற மாதிரி ஒரு இடம் கூட இல்ல. ஜெபம் பண்ண முழங்கால் போட்டா அப்படியே கட்டில்ல தலைய வச்சு தூங்கிடுறேன்.

போன மாசம் ஒரு சிஸ்டர் மைக்க நேரா என்கிட்ட நீட்டிட்டாங்க. எந்திரிச்சு நின்னேன், "அம்மா அப்படியே தான் இருக்காங்க" அப்படின்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன். சபையில ஒரு சத்தம் இல்ல. கீபோர்டு வாசிக்கிற தம்பி பாவம், ஏதோ ரெண்டு கட்டைய அமுக்கி சமாளிச்சான்.

நியூ இயர் ஆராதனையில எடுத்த வாக்குத்தத்த அட்டை பிரிட்ஜ்ல ஒட்டியிருக்கு, ஆரோக்கியம் வரப் பண்ணுவேன்னு. தினமும் பால் எடுக்கும்போது அத பாக்குறேன். அதுக்குப் பக்கத்துல ஷெல்ப்ல அம்மாவோட கைப்பிடி அரிசி டின். சோறு வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு பிடி எடுத்து அதுல போட்டு மாசக் கடைசியில கோவிலுக்கு குடுப்பாங்க, எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து ஒரு நாள் தவறினதில்ல. நான் ஒரு வருஷமா போடல. மறந்துட்டேன்னு சொல்லமாட்டேன். போடத் தோணல.

கேள்வி ரெண்டு. உங்க சாதாரண நாள்ல ஆண்டவர் இருக்கார்னு உங்களுக்கு எப்படி தெரியுது? ரெண்டாவது, நம்பிக்கைன்னா என்னங்க? அம்மா எந்திரிச்சு நடப்பாங்கன்னு நான் நம்பணுமா? இனிமே பெருசா முன்னேற்றம் வர்றது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நடப்பாங்கன்னு சொன்னா என் வாயே எனக்கு பொய்யா தெரியுது, சொல்லலன்னா அவிசுவாசின்னு தோணுது.

தயவுசெய்து வசனம் மட்டும் போட்டுட்டு போயிடாதீங்க. வசனம் எனக்கும் தெரியும், 19 வருஷம் சண்டே ஸ்கூல் எடுத்தவ நான்.


ஜெபவீரன்77:

சிஸ்டர் சோர்ந்து போகாதீங்க!! கர்த்தர் பெரியவர்!! 21 நாள் உபவாசம் எடுத்து ஜெபியுங்க, சத்துரு வெட்கப்பட்டுப் போவான், அம்மா எழுந்து நடப்பாங்க, விசுவாச அறிக்கை பண்ணிட்டே இருங்க. ஆமென்!! அல்லேலூயா!!


நைட் டியூட்டி:

அக்கா, நான் ஸ்டாப் நர்ஸ், 16 வருஷம் ஆச்சு, அதுல பாதிக்கு மேல நைட். மேல அண்ணன் சொன்ன 21 நாள் உபவாசத்த மட்டும் எடுத்துடாதீங்க. பேஷன்ட்ட தூக்கித் திருப்புற ஆள் சாப்பிடாம இருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து விழுவீங்க, நான் பாத்திருக்கேன்.

எனக்கு பிடிச்ச இடம் ஒண்ணு சொல்றேன், வசனம் போடாம கதையாவே சொல்றேன். எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில பாகாலோட தீர்க்கதரிசிங்க 450 பேர தனியா எதிர்த்து நின்ன ஆளு, அதுக்கப்புறம் ராணி யேசபேல் கொல்லப் போறதா ஒரு சேதி சொல்லி அனுப்பினதும் ஓடிப் போயி சூரைச்செடிக்கு கீழ படுத்துட்டு போதும் ஆண்டவரே என்ன எடுத்துக்கோங்கன்னு சொல்றாரு. தூதன் வந்தான்ல, வந்து என்ன சொன்னான்? ஏன் விசுவாசத்துல குறைஞ்சு போனேன்னு கேக்கல. எந்திரிச்சு சாப்பிடுன்னான். தலைமாட்டுல தழல்ல சுட்ட அடை, ஒரு பாத்திரத்துல தண்ணி. சாப்பிட்டுட்டு மறுபடியும் தூங்கிட்டாரு, அதுக்கும் திட்டல. ரெண்டாவது தடவையும் தட்டி எழுப்பி சாப்பாடு தான். ஓரேப் மலையில ஆண்டவர் மெல்லிய சத்தத்துல பேசினது எல்லாம் அதுக்கு 40 நாள் கழிச்சு தான். நீங்க முழங்கால்ல தூங்கிடுறேன்னு எழுதினது படிச்சப்போ எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு. தூங்குங்க, அவர் பாத்துப்பாரு.

எங்க பாக்குறேன்னு கேட்டீங்க. ஒரு ராத்திரி மூணு மணி இருக்கும். எங்க வார்டுல யாருமே தேடி வராத ஒரு பாட்டி, நினைவே இல்ல, ட்யூப்ல தான் சாப்பாடு. நான் பிபி பாக்க திரை விலக்குறேன், ஆயாம்மா அந்த பாட்டி தலைய மடியில வச்சு சிக்கெடுத்துட்டு இருக்காங்க. நுனியில இருந்து கொஞ்சம் கொஞ்சமா, வலிக்காம, முடிய ஒரு கையில இறுக்கிப் புடிச்சுக்கிட்டு. என்ன ஆயாம்மா இந்நேரத்துலன்னா "காலைல டாக்டருங்க வருவாங்கல்ல, பொம்பள பரட்டையா கெடந்தா நல்லாவா இருக்கும்"னாங்க. சீவி முடிச்சு ரெண்டு சடை பின்னி ரப்பர் பேண்ட் இல்லாம கட்டுத் துணிய கிழிச்சு முடிச்சு போட்டாங்க. நான் திரைய மூடிட்டு பிபி அப்புறம் பாத்துக்கலாம்னு வந்துட்டேன். அன்னிக்கு நான் சர்ச்சுக்கு உள்ள நிக்கிற மாதிரி நின்னேன் அக்கா, இதுக்கு மேல எனக்கு சொல்லத் தெரியல.

வேலை விஷயம் கொஞ்சம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கிறீங்களா? குதிகால், இடுப்பெலும்பு ரெண்டு இடத்தையும் தினம் பாருங்க, சிவந்திருந்தா விடாதீங்க. அப்புறம் பேச்சு. சொந்தமா ஒரு வாக்கியம் கோர்த்து சொல்ல முடியாதவங்க சில பேருக்கு மனப்பாடமா ஊறிப்போனது மட்டும் வரும், ஒண்ணு ரெண்டு மூணு, ஞாயிறு திங்கள் செவ்வாய், சின்ன வயசுல இருந்து சொன்ன ஜெபம், பாட்டு, இந்த மாதிரி. நீங்க ஆரம்பிச்சு விட்டுட்டு நிறுத்தி காத்திருங்க. எல்லாருக்கும் வராது, வந்தாலும் பேச்சு திரும்பிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, அத முன்னாடியே சொல்லிடுறேன். ஆனா அவங்க வாயில இருந்து அவங்க குரல் வரும்.


வெளியே நிக்கிறவன்:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். நான் கோவிலுக்கு போறத நிறுத்தி எட்டு வருஷம் ஆகுது, காரணம் இப்போ வேண்டாம். இன்னும் ஏன் இங்க வந்து படிக்கிறேன்னு எனக்கே தெரியல.

நர்ஸ் தம்பி, ஆயாம்மா சிக்கெடுத்தது ஆயாம்மாவோட நல்ல மனசு. அந்த புண்ணியத்த ஏன் அவங்ககிட்ட இருந்து பிடுங்கி மேல அனுப்புறீங்க? நல்லது நடந்தா ஆண்டவர், கெட்டது நடந்தா சோதனை, ஒண்ணுமே நடக்கலன்னா காத்திரு. எப்படிப் பாத்தாலும் அவர் பாஸ். இந்த மாதிரி மார்க் போட்டா நானும் கணக்குல நூத்துக்கு நூறு வாங்கியிருப்பேன்.

ஆனா அக்கா, நான் 30 வருஷம் சாட்சி கேட்டிருக்கேன். "அம்மா அப்படியே தான் இருக்காங்க" அதுதான் நான் கேள்விப்பட்டதுலயே நேர்மையான சாட்சி. அத சொல்லத்தான் லாகின் பண்ணேன்.


கடற்கரை மேரி:

தங்கச்சி, நான் கத்தோலிக்கம், மணப்பாட்டுக்கு பக்கத்துல கடலோரம். பள்ளிக்கூடத்துல தமிழ் எடுத்து ரிட்டயர் ஆனவ, அதனால உன் ரெண்டாவது கேள்விக்கு வார்த்தையில இருந்து ஆரம்பிக்கிறேன், டீச்சர் புத்தி போகாதுல்ல.

நீங்க வாசிக்கிற பழைய வேதாகமத்துல விசுவாசம், நம்பிக்கை, அன்புன்னு மூணு இருக்கு. நாங்க பூசையில வாசிக்கிற 1995 திருவிவிலியத்துல அதே இடத்துல நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. அதாவது உங்க விசுவாசம் எங்களுக்கு நம்பிக்கை, உங்க நம்பிக்கை எங்களுக்கு எதிர்நோக்கு. எங்க வீட்டு மருமக சிஎஸ்ஐ, புராட்டஸ்டண்ட் சபை, கல்யாணமான புதுசுல ரெண்டு பேரும் ஒரே வார்த்தைய வச்சு வேற வேற பேசிட்டு இருந்தோம். 2025 ஜூபிலி ஆண்டுக்கு போப் பிரான்சிஸ் எடுத்துக்கிட்ட கருத்தே இந்த எதிர்நோக்கு தான், அந்த வருஷம் முழுக்க எங்க சாமியார் பிரசங்கத்துல இதே சொல்லு, எனக்கு சலிச்சே போச்சு. ஆனா நல்ல சொல்லு. நம்பிக்கைன்னு சொன்னா "கண்டிப்பா நடக்கும்"னு ஒரு அடம் வந்துடுது. எதிர்நோக்குன்னா எதிர்ல பாத்துக்கிட்டு நிக்கிறது.

எங்க அப்பா கடலுக்கு போனவர். மதியம் கரை சேருவாருன்னா அம்மா காலைலயே ஐஸுக்கு சொல்லி வச்சு, கூடைய கழுவி கவுத்தி வச்சிருப்பாங்க. மீன் கிடைக்குமா வெறும் வலையோட வருவாரான்னு அம்மாவுக்கு எப்படித் தெரியும்? மீன் வந்ததுக்கப்புறம் ஐஸ் தேடினா மீன் நாறிடும், அவ்வளவுதான் அவங்களுக்கு தெரிஞ்சது. எத்தனையோ நாள் அந்த ஐஸ் சும்மா கரைஞ்சு மணல்ல ஓடியிருக்கு. மறுநாளும் சொல்லி வப்பாங்க.

சரி, படகே திரும்பி வரலன்னா? இத கேக்காம எதிர்நோக்கப் பத்தி பேசுனா அந்த வெளியே நிக்கிற தம்பி என்ன சும்மா விடமாட்டாரு, விடவும் கூடாது. 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் அடிச்சப்போ கன்னியாகுமரிக் கரையில எத்தனை வீட்டுல ஆள் திரும்பல. எங்க சொந்தத்துலயும் ஒரு வீடு. உடம்பு கிடைக்கவே இல்ல. பெட்டி இல்லாம, போட்டோவ வச்சு பூசை வச்சாங்க. அதுல விவிலியத்தோட கடைசிப் புத்தகம் திருவெளிப்பாட்டுல இருந்து ஒரு இடம் வாசிச்சாங்க, கடல் தன்கிட்ட இருக்கிற இறந்தவங்கள திருப்பி ஒப்படைக்கும்னு வர்ற இடம். சின்ன வயசுல இருந்து கேட்ட வாசகம் தான், ஒரு நாளும் உறைச்சதில்ல. அன்னிக்கு அந்த பொண்ணு, 26 வயசு, வாசகம் முடிஞ்சதும் தலைய நிமிர்த்தி "இன்னொரு தரம் வாசிங்க சாமி"ன்னா. கோவில் முழுக்க கேட்டுச்சு. சாமியார் வாசிச்சாரு.

அவ புருஷன் உயிரோட வருவான்னு அவ நினைக்கல. அழுகைய நிறுத்தவும் இல்ல. ஆனா கடலுக்கு கடைசி வார்த்தைய விட்டுக் குடுக்கல. எங்க எதிர்நோக்கு அதுதான் தங்கச்சி. அம்மா இங்க நடந்தாலும் நடக்கலன்னாலும் அந்த படுக்கை தான் அவங்களுக்கு கடைசின்னு நாம ஒத்துக்கல. டாக்டர் சொன்னத நம்பு, அதுல பாவம் ஒண்ணும் இல்ல.

சமையல்கட்டுக்கும் டயபருக்கும் நடுவுல ஜெபம் வரலன்னு வருத்தப்படாத. 17ஆம் நூற்றாண்டுல பாரிஸ்ல கார்மேல் மடத்துல சகோதரர் லாரன்ஸ்னு ஒருத்தர், சண்டையில காலு போயி நொண்டி நொண்டி நடந்தவர், மடத்துக்கு சமைச்சு போட்டாரு, வயசான பிறகு செருப்பு தைச்சாரு, 1691ல செத்துப் போனாரு. அடுப்படி வேலைக்கு நடுவுலயே ஆண்டவர்கிட்ட பேசினவர்னு எல்லாரும் சொல்லுவாங்க. சமையல் வேலை அவருக்கு சுத்தமா பிடிக்காதுங்கிறத யாரும் சொல்றதில்ல. எனக்கு அந்த விஷயம் தெரிஞ்ச பிறகு தான் அவர் மேல மரியாதையே வந்துச்சு.


பத்திரம் எழுதுற அண்ணாச்சி:

மகளே, நான் நாசரேத் பக்கம், 38 வருஷமா பத்திரம் எழுதுறவன். டைப்பிங் பேரன் பண்ணுறான், நான் சொல்லச் சொல்ல. தப்பிருந்தா அவன் தப்பு.

மேரி டீச்சர் ஐஸ் கதை சொன்னாங்க. நான் என் தொழில்ல இருந்து சொல்றேன். வேதத்துல ஒரு கிரயம் முழுசா பதிவாகியிருக்கு, எரேமியா 32ஆம் அதிகாரம். எருசலேம பாபிலோன்காரன் சுத்தி வளைச்சு முற்றுகை போட்டிருக்கான். எரேமியா தீர்க்கதரிசி காவல் முற்றத்துல கைதி. அந்த நேரம் பாத்து அவருக்கு பெரியப்பன் மவன் அனாமெயேல் வந்து, ஆனதோத்துல இருக்கிற என் நிலத்த நீ வாங்கிக்கோங்கான். எப்படிப்பட்ட ஆளு பாரு, ஊரே கைவிட்டுப் போகப் போகுது, இவன் நிலம் விக்க ஜெயிலுக்கு வாரான்! அந்த நிலத்துக்கு அன்னிக்கு ஈசி, அதாவது வில்லங்கச் சான்று, போட்டிருந்தா பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் படையே வில்லங்கத்துல வந்திருக்கும். என்கிட்ட ஆலோசனை கேட்டிருந்தா வாங்காதீரும் ஐயான்னு சொல்லியிருப்பேன்.

வாங்கினாரு. 17 சேக்கல் வெள்ளி, தராசுல நிறுத்து குடுத்தாரு. பத்திரம் எழுதி, கையெழுத்து போட்டு, சாட்சி வச்சு, முத்திரை போட்டது ஒண்ணு, திறந்தது ஒண்ணு, ரெண்டு பிரதி. தமிழ் வேதத்துல அதே வார்த்தை தான் மகளே, கிரயப்பத்திரம். தனக்கு எழுதிக் குடுக்கிற பாருக்குகிட்ட குடுத்து ரெண்டையும் மண்பானையில போட்டு வை, ரொம்ப நாள் இருக்கணும்னாரு. நாங்க பீரோ லாக்கர்ல வைக்கிற மாதிரி.

இதுல வேடிக்கை என்னன்னா எல்லாம் எழுதி முடிச்சு கையெழுத்தும் போட்ட பிறகு தான் புலம்புறாரு. ஆண்டவரே, ஊர பகைவன் கையில குடுத்தாச்சு, என்னயப் போயி நிலம் வாங்கச் சொல்றீரேன்னு. சந்தேகம் தீர்ந்த பிறகு கையெழுத்து போடல. போட்டுட்டு கேக்காரு. அந்த நிலத்துல அவர் ஒரு படி விதைச்சாருன்னு எங்கயும் இல்ல, கடைசியில எகிப்துக்குல்லா கூட்டிட்டுப் போயிட்டானுவ.

இப்ப நீ சொன்ன சாட்சி. இத சொல்லத்தான் பேரன உக்கார வச்சேன். பத்திரத்துல சாட்சிக் கையெழுத்து போடுதான்ல, அவன் என்னத்துக்கு போடுதான்? நிலம் விளையும்னு சொல்லவா? விலை ஏறும்னு சொல்லவா? நான் இருந்தேன், என் கண்ணு முன்னால நடந்துச்சு, அவ்வளவு தான் அவன் வேலை. அதுக்கு மேல ஒரு வார்த்தை சேர்த்தா பொய்ச் சாட்சி. நீ மைக்க வாங்கி, அம்மா அப்படியே தான் இருக்காங்கன்னு சொன்ன. பக்கத்துல இருந்து பாத்தவ சொன்னது. அது முறையான சாட்சி மகளே. கோவில்ல சத்தம் போச்சுன்னா போகட்டும்.

வெளியே நிக்கிற தம்பிக்கும் ஒண்ணு. நீ கேட்டது நியாயம், ஆயாம்மா புண்ணியம் ஆயாம்மாவுக்கு தான். ஆனா கோவத்தோட நிக்கிறவனுக்கும் வேதத்துல இடம் ஒதுக்கியிருக்கு. 88ஆம் சங்கீதத்த எடுத்துப் பாரு. மத்த புலம்பல் சங்கீதத்துல பெரும்பாலும் கடைசியில ஒரு ஸ்தோத்திரமோ நம்பிக்கையோ வந்துரும், இதுல வராது, இருட்டுலயே முடிஞ்சிரும். அத யாரும் கிழிச்சுப் போடல.


உப்புக்காத்து:

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். அம்மாவுக்கும் அண்ணாச்சி எழுதினத சத்தமா வாசிச்சுக் காட்டினேன், "பேரன் தப்பு"ங்கிற இடத்துல ஒரு பக்க வாயால சிரிச்சாங்க.

ஜெபவீரன் பிரதர், கோவிச்சுக்காதீங்க. நீங்க எழுதினது தப்பில்ல, ஆனா அந்த மாதிரி ஒரு நாளைக்கு நாலு மெசேஜ் வருது, கூடவே பூ படம். எனக்கு சனிக்கிழமை மூணு மணி நேரம் யாராவது அம்மாகிட்ட உக்காந்தா நான் பல் டாக்டர்கிட்ட போயிட்டு வருவேன். நாலு மாசமா ஒரு பக்கமா மென்னுட்டு இருக்கேன்.

வெளியே நிக்கிற அண்ணா, உங்க கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. எனக்கும் அதே கேள்வி ராத்திரி வருது. ஆனா மேரி அக்கா சொன்ன அந்தப் பொண்ணு "இன்னொரு தரம் வாசிங்க"ன்னாளே, அத படிச்சதுல இருந்து கணக்கு ஓடல.


களக்காட்டுக்காரி:

நான் பொதுவா இங்க எழுதமாட்டேன். படுக்கைன்னு சொன்னதும் ஒண்ணு தோணுச்சு. எங்க ஊருக்கு பக்கத்துல டோனாவூர்ல பிள்ளைங்கள எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931ல கீழ விழுந்து அடிபட்டு, அதுக்கப்புறம் 1951ல சாகுற வரைக்கும் பெரும்பாலும் ரூம்லயே தான் இருந்தாங்க. இருபது வருஷம். அவ்வளவு பேர் ஜெபம் பண்ணியும் எந்திரிக்கல. கல்லறை கல் வேண்டாம்னுட்டாங்க, பறவைங்க தண்ணி குடிக்க ஒரு கல் தொட்டி தான் வச்சிருக்கு, அதுல அம்மான்னு அர்த்தம் வர்ற ஒத்தைச் சொல்லு. மரம் எல்லாம் இருக்கும், நல்லா நிழலா இருக்கும். அவங்க எழுதினதப் பத்தி எல்லாரும் பேசுவாங்க, எனக்கு அந்த இருபது வருஷமும் அவங்களுக்கு தலைவாரி விட்டவங்க யாருன்னு தெரிஞ்சுக்கணும்.


ஜெபவீரன்77:

சிஸ்டர் மன்னிக்கணும். உண்மைய சொல்றேன், அது நான் எல்லாருக்கும் போடுற மெசேஜ் தான், காப்பி பேஸ்ட். உங்கள முழுசா படிக்காமலே போட்டுட்டேன். நாங்களும் தூத்துக்குடி தான். என் வீட்ல அவங்க மாமியார ஆறு வருஷம் படுக்கையில பாத்தவங்க, எங்க அம்மா தான். புரட்டிப் போட, டயபர் மாத்த எல்லாம் தெரியும். தனி மெசேஜ்ல அவங்க நம்பர் அனுப்புறேன், நீங்க முதல்ல பேசிப் பாருங்க, சரின்னு பட்டா சனிக்கிழமை வருவாங்க. நான் வாசல்ல விட்டுட்டு போயிடுவேன்.


வெளியே நிக்கிறவன்:

ஜெபவீரா, இந்த ஒரு மெசேஜுக்கு முன்னாடி நீ போட்ட எல்லா ஆச்சரியக்குறியையும் மன்னிச்சேன்.

அண்ணாச்சி, 88 படிச்சேன். இது எப்படி உள்ள விட்டாங்க?


உப்புக்காத்து:

மூணு வாரம் கழிச்சு வரேன்.

பல்லு எடுத்தாச்சு. அந்த அக்கா மூணு சனிக்கிழமையும் வந்தாங்க. முதல் வாரம் டாக்டர்கிட்ட போனேன், ரெண்டாவது வாரம் பீச் ரோட்டுல சும்மா உக்காந்து ஒரு டீ குடிச்சேன், மூணாவது வாரம் எங்கயும் போகல, பக்கத்து ரூம்லயே படுத்து தூங்கிட்டேன், அவங்க எழுப்பவே இல்ல.

நைட் டியூட்டி தம்பி சொன்னத செஞ்சு பாத்தேன். முதல்ல ஒண்ணு ரெண்டு மூணுன்னு சொல்லிட்டு நிறுத்தினேன். ஒண்ணும் வரல, என்னையே பாத்துட்டு இருந்தாங்க. நாலு நாள் அப்படியே. அஞ்சாவது நாள் டயபர் மாத்திக்கிட்டே ஏதோ நினைப்புல எண்ணிட்டு இருந்தேன், "நாலு"ன்னு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா "அஞ்சு, ஆறு". ஒன்பது வரைக்கும் வந்து அங்க சிக்கி ஒன்பது ஒன்பதுன்னு நின்னுட்டாங்க. அம்மா குரல். சளி பிடிச்ச மாதிரி கரகரன்னு, ஆனா அம்மா குரல். நான் என்ன பண்ணேன்னு கேக்காதீங்க, க்ளவுஸ் போட்ட கையோட நின்னு அழுதேன்.

அப்புறம் ராத்திரி பரமண்டல ஜெபம் மெதுவா சொல்ல ஆரம்பிச்சேன். முதல் ரெண்டு வரிக்கு உதடு மட்டும் அசைஞ்சுது. ஆகாரம் கேக்குற இடத்துக்கு வந்ததும் சட்டுனு என்ன முந்திக்கிட்டு "ஆகாரத்தை"ன்னாங்க. அதுக்கு மேல போகமாட்டேங்குது. "ஆகாரத்தை, ஆகாரத்தை"ன்னு ஏழெட்டு தடவை, கைய வேற ஆட்டிக்கிட்டு. நான் பதறிப் போயி பசிக்குதாம்மா, கஞ்சி கொண்டு வரவான்னு கேட்டேன். ஒரு முறை முறைச்சாங்க பாருங்க, சண்டே ஸ்கூல்ல வசனம் தப்பா சொன்ன பிள்ளைய நான் முறைப்பேன்ல, அதே முறைப்பு, அது எங்க இருந்து எனக்கு வந்துச்சுன்னு அப்போ தான் தெரிஞ்சுது. அப்புறம் ரெண்டு பேரும் சிரிச்சு, அவங்களுக்கு கண்ணுல தண்ணி வந்து, நானே தொடைச்சு விட்டேன்.

வாக்குத்தத்த அட்டை இன்னும் பிரிட்ஜ்ல தான் இருக்கு, அத என்ன பண்றதுன்னு தெரியல. டின்ல அரிசி போட ஆரம்பிச்சிருக்கேன், எல்லா நாளும் இல்ல.

நாளைக்கு முதல் ஞாயிறு. மைக் வந்தா என்ன சொல்றதுன்னு யோசிக்கல. அண்ணாச்சி, உங்க பேரனுக்கு என் தேங்க்ஸ் சொல்லுங்க.


நைட் டியூட்டி:

அக்கா சூப்பர். ஒன்பதுல சிக்குனா தள்ளாதீங்க, விட்டுட்டு மறுபடி முதல்ல இருந்து வாங்க. அடுத்த தடவை போன்ல ரெக்கார்ட் பண்ணி வச்சு ஸ்பீச் தெரபிஸ்ட்கிட்ட போட்டுக் காட்டுங்க, அவங்களுக்கு உபயோகமா இருக்கும். குதிகால் சிவப்பு இல்லையே? அப்புறம் ஒண்ணு, சிரிக்கும்போது மட்டும் கஞ்சி ஊட்டிடாதீங்க, புரையேறும்.